ஆடினால்தான் அணி: இந்திய மகளிர் கால்பந்து அணியின் வரலாறு, புதிதாக அறிய விரும்புவோருக்கு

2009 ஆம் ஆண்டில் உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பின் மகளிர் தரவரிசைப் பட்டியலில் இந்தியாவைத் தேடியவர்களுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை. கடைசி இடத்தில் இருந்திருந்தாலும் மோசமான அணி என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இந்தியா பட்டியலிலேயே இல்லை. பதினெட்டு மாதங்களுக்கும் மேலாக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாத காரணத்தால் அணியின் பெயர் நீக்கப்பட்டிருந்தது. நூறு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டுக்கு, ஆசியக் கோப்பையில் இருமுறை இறுதியாட்டம் வரை சென்ற அணிக்கு, இது எப்படி நேர்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள, தேசிய அணி என்பது உண்மையில் என்ன என்ற எளிய கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

கால்பந்தில் இரண்டு வகை அணிகள் உண்டு. ஒன்று கிளப் அணி. அதற்குச் சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு மைதானம் இருக்கும். ஆட்டக்காரர்களோடு ஒப்பந்தம் இருக்கும். லீக் நடக்கும் மாதங்களில் வாராவாரம் ஆட்டம் இருக்கும். தேசிய அணி அப்படி நிரந்தரமாக நிலைத்திருப்பதில்லை. நாட்டின் கால்பந்து சம்மேளனம் பல கிளப்புகளில் ஆடுபவர்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி முகாமுக்கு அழைத்து, பயிற்சியாளரை நியமித்து, எதிரணியைத் தேடிப் பிடித்து, விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தால்தான் அந்த அணி பிறக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அது கலைந்துவிடும். சம்மேளனம் இரண்டு ஆண்டுகள் முகாம் நடத்தாமல் இருந்துவிட்டால், நாட்டில் எத்தனை திறமையான பெண்கள் இருந்தாலும் தேசிய அணி என்று ஒன்று இல்லை. ஆகவே, ஒரு மகளிர் தேசிய அணியின் வரலாற்றைப் படிக்கும்போது கோல் கணக்கைப் பார்ப்பதற்கு முன், அந்த அணிக்கு யார் ஆட்டம் ஏற்பாடு செய்து கொடுத்தார்கள், எந்த ஆண்டுகளில் யாரும் செய்து கொடுக்கவில்லை என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் எண்ணம்.

1970களில் ஆசியாவின் முறையான கால்பந்து அமைப்புகள் பெண்களின் ஆட்டத்தைத் தங்கள் பொறுப்பாகக் கருதவில்லை. அதனால் ஆசியப் பெண்கள் கால்பந்துக் கூட்டமைப்பு என்ற தனி அமைப்பு 1968 இல் உருவாகி, 1975 இல் ஹாங்காங்கில் முதல் ஆசிய மகளிர் சாம்பியன் பட்டத் தொடரை நடத்தியது. பின்னாளில் ஆசியக் கோப்பை என்று பெயர் மாறியது இந்தத் தொடர்தான். அதே 1975 இல்தான் இந்தியாவிலும் ஆண்களின் சம்மேளனத்துக்கு வெளியே இந்திய மகளிர் கால்பந்து சம்மேளனம் தொடங்கப்பட்டது. கட்டடமும் பணமும் குறைவாக இருந்த அந்த அமைப்பு, ஐந்தே ஆண்டுகளில் ஆசியத் தொடரையே இந்தியாவுக்கு அழைத்து வந்தது என்பது இன்றைக்கு நினைத்தாலும் வியப்பளிக்கிறது.

அந்தத் தொடர் 1980 ஜனவரியில் கோழிக்கோட்டில் நடைபெற்றது. கால்பந்து என்றால் ஊரே திரளும் மலபாரில் அதை நடத்தியது பொருத்தமான முடிவு. பங்கேற்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் அக்காலத்து மகளிர் கால்பந்தின் நிலை விளங்கும். எண்ணிக்கை போதாத நிலையில் போட்டியை நடத்திய இந்தியாவே வடக்கு, தெற்கு என இரண்டு அணிகளாகக் களமிறங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து தேசிய அணிக்குப் பதிலாக மேற்கு ஆஸ்திரேலியா என்ற ஒரு மாநிலத்தின் அணி வந்தது. இரண்டு இந்திய அணிகளில் ஒன்று இறுதியாட்டம் வரை சென்று தைவானிடம் தோற்றது. அடுத்த ஆண்டு ஹாங்காங்கில் நடந்த தொடரில் இந்தியா மூன்றாமிடம் பெற்றது. 1983 இல் தாய்லாந்தில் நடந்த தொடரில் மீண்டும் இறுதியாட்டத்துக்குச் சென்று, போட்டியை நடத்திய அணியிடம் தோற்றது. அந்த 1983 இல்தான் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் கால்பந்து வீராங்கனை ஆனார்.

இந்த மூன்று தொடர்களையும் பொற்காலம் என்று எழுதுவது வழக்கம். அந்தச் சொல்லை நான் சற்றுத் தயங்கியே பயன்படுத்துவேன். சீனாவின் மகளிர் அணி அப்போது இன்னும் தோன்றவே இல்லை; ஜப்பான் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை 1981 இல்தான் ஆடியது; வட கொரியா களத்திலேயே இல்லை. ஆசியாவில் இரண்டாமிடம் என்பது, ஆட வந்த சில அணிகளுக்குள் இரண்டாமிடம். ஆனால் இதை அவர்களின் சாதனையைக் குறைப்பதற்காகச் சொல்லவில்லை. மற்ற நாடுகள் தொடங்குவதற்கு முன்பே இந்தியப் பெண்கள் ஆடத் தொடங்கியிருந்தார்கள். பந்தயத்தில் நமக்கு ஒரு முன்தூரம் கிடைத்திருந்தது. அந்த முன்தூரத்தை நாடு என்ன செய்தது என்பதுதான் அடுத்த பகுதி.

1986 இல் பெண்கள் கூட்டமைப்பு ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போடு இணைந்தது. அந்த ஆண்டுத் தொடரில் சீனா முதன்முறையாக நுழைந்து பட்டத்தையும் வென்றது. அதில் இந்தியா இல்லை. 1989 இலும் இல்லை, 1991 இலும் இல்லை. இவற்றில் 1991 ஆம் ஆண்டைத் தவறவிட்டதுதான் பெரிய இழப்பு, ஏனெனில் ஃபிஃபா நடத்திய முதல் மகளிர் உலகக் கோப்பை அதே ஆண்டு சீனாவில் நடந்தது; அதற்கு ஆசியாவிலிருந்து யார் செல்வது என்பதை அந்த ஆண்டின் ஆசியத் தொடரே முடிவு செய்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் இறுதியாட்டத்தில் நின்ற அணி, உலகக் கோப்பையின் கதவு முதன்முதலில் திறந்தபோது வாசலுக்கே போகவில்லை. 1990களின் தொடக்கத்தில் மகளிர் கால்பந்தின் பொறுப்பு அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கைக்கு வந்தது. 1995 இல்தான் இந்தியா ஆசியத் தொடருக்குத் திரும்பியது.

இடையில் கடந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். ஓர் ஆட்டக்காரரின் சர்வதேச வாழ்க்கை பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும் என்பதால், ஒரு முழுத் தலைமுறை ஆடாமலே ஓய்வு பெற்றது என்று சொல்லலாம். அதற்குள் மற்றவர்கள் வெகுதூரம் ஓடிவிட்டார்கள். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனா இந்தியாவை 16–0 என்று வென்றது. இந்திய மகளிர் அணியின் மிகப் பெரிய தோல்வியாக அது பதிவாகியிருக்கிறது. அந்தச் சீன அணிதான் அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டம் வரை சென்று, அமெரிக்காவிடம் பெனால்டி உதைகளில் தோற்றது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரு நாடுகளுக்கும் இடையே விழுந்திருந்த பள்ளத்தின் ஆழம் புரியும்.

இந்த வறண்ட ஆண்டுகளில் அணி முற்றிலும் அழியாமல் இருந்ததற்கு மணிப்பூர் ஒரு முக்கியக் காரணம். மற்ற மாநிலங்களில் பெண் பிள்ளை அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் ஓடுவதே பேச்சாக இருந்த காலத்தில், இம்பால் சமவெளியில் பெண்கள் கால்பந்து அன்றாடக் காட்சியாக இருந்தது. தேசிய சாம்பியன் பட்டத்தை மணிப்பூர் இருபது முறைக்கு மேல் வென்றிருப்பது அதன் விளைவு. இம்பாலில் பிறந்த ஓய்னம் பெம்பெம் தேவி, சிறுவயதில் பையன்களோடு சேர்ந்து ஆட இடம் கிடைப்பதற்காக ஆண் பெயர் சொல்லிக்கொண்டு களமிறங்கியவர். பதினைந்து வயதில், 1995 இல், தேசிய அணிக்கு வந்தார். நடுக்கள ஆட்டக்காரராகவும் பின்னர் கேப்டனாகவும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடி, 2016 இல் ஓய்வு பெற்றார். 2017 இல் அவருக்கு அர்ஜுனா விருதும் 2020 இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. அர்ஜுனா விருது பெற்ற இரண்டாவது கால்பந்து வீராங்கனை அவர். சாந்தி மல்லிக்குக்கும் அவருக்கும் நடுவே 34 ஆண்டுகள்!

இனி, கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தரவரிசைக்கு வருவோம். ஃபிஃபா மகளிர் தரவரிசை 2003 இல் தொடங்கியது. அதன் அடிப்படைக் கருத்து கடினமானதன்று. ஒவ்வோர் அணியிடமும் ஒரு மதிப்பெண் இருக்கிறது. இரண்டு அணிகள் மோதும்போது, அவற்றின் மதிப்பெண்களையும் ஆட்டம் யாருடைய மண்ணில் நடக்கிறது என்பதையும் வைத்து ஒரு முடிவு எதிர்பார்க்கப்படுகிறது. உண்மையான முடிவு அந்த எதிர்பார்ப்பை மிஞ்சினால் மதிப்பெண் கூடும். எட்டாமல் போனால் குறையும். வலிய அணியிடம் கௌரவமாகத் தோற்றால்கூடப் பெரிய இழப்பு இல்லை; மெலிய அணியைப் பத்து கோல் போட்டு வென்றாலும் பெரிய லாபம் இல்லை. நட்புறவு ஆட்டத்தைவிடத் தகுதிச்சுற்று ஆட்டத்துக்கும், அதைவிட உலகக் கோப்பை ஆட்டத்துக்கும் கனம் அதிகம். இந்தக் கணக்கு எல்லாமே ஆட்டம் நடந்தால்தான் ஓடும். ஆடாதவர்களை அது கணக்கிலேயே வைத்துக்கொள்ளாது. 2009 இல் நடந்தது அதுவே.

2010 இன் தொடக்கத்தில் டாக்காவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி வந்ததால் மீண்டும் முகாம் கூடியது. அணி தங்கப் பதக்கத்தோடு திரும்பியது. அதே ஆண்டு இறுதியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் தொடங்கிய தெற்காசிய மகளிர் சாம்பியன் பட்டத் தொடரையும் இந்தியா வென்றது. தொடர்ந்து 2012, 2014, 2016, 2019 என ஐந்து முறையும் பட்டம் இந்தியாவுக்கே. அந்தத் தொடர்களில் 2022 வரை இந்தியா ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை.

ஆனால் அக்கம்பக்கத்தில் வெல்வது ஒன்று, ஆசியாவில் நிற்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியைப் போல வேறு எதுவும் தெளிவாகக் காட்டாது. இந்தியா தன் முதல் ஆட்டத்தில் மாலத்தீவை 15–0 என்று வென்றது. அடுத்த ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–10 என்று தோற்றது. அதற்கடுத்து தாய்லாந்திடமும் 0–10. ஒரே அணி, ஒரே பயிற்சியாளர், சில நாட்கள் இடைவெளி. தெற்காசியாவில் எதிரணியின் கோல்பகுதியிலேயே தொண்ணூறு நிமிடமும் ஆடிப் பழகியவர்களுக்கு, பந்து தங்கள் காலில் இல்லாத நேரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்றுத்தரும் ஆட்டங்கள் கிடைத்திருக்கவில்லை. அந்தப் பாடம் வலிய அணிகளோடு அடிக்கடி மோதினால் மட்டுமே வரும். அதற்குப் பணமும் திட்டமும் வேண்டும்.

இன்னொரு குறை உள்நாட்டில் இருந்தது. தேசிய அணிக்கு அழைக்கப்படாத மாதங்களில் இந்தப் பெண்கள் எங்கே ஆடுவது? ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் மாநிலங்களுக்கிடையிலான தேசியத் தொடர் சில வாரங்களில் முடிந்துவிடும். மகளிர் கிளப்புகளுக்கான இந்திய மகளிர் லீக் 2016–17 இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பும், பெரிதும் அதற்குப் பின்பும், பெரும்பாலான வீராங்கனைகளுக்குச் சோறு போட்டது காவல்துறை, ரயில்வே, துணை ராணுவப் படைகள் போன்றவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளே. கடலூர் மாவட்டத்தைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020 ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் சீருடையோடு பணியில் நின்றவர், பின்னர் அதே கால்களோடு தேசிய முகாமுக்குத் திரும்பினார். தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது தனி வீராங்கனைகளோடு நின்றுவிடவில்லை. 2018 இல் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன் பட்ட இறுதியாட்டத்தில் தமிழ்நாடு அணி மணிப்பூரை 2–1 என்று வென்று முதல்முறையாகப் பட்டம் பெற்றது. மறு ஆண்டு மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி இந்திய மகளிர் லீக்கை வென்றது. நம் செய்தித்தாள்களில் அவற்றுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்பது வேறு விஷயம்.

லீக் வந்தபின் அணியின் ஆட்டம் மெல்ல மாறத் தொடங்கியது. கோவாவைச் சேர்ந்த மேமோல் ராக்கி 2017 இல் பொறுப்பேற்று, இந்திய மகளிர் அணியின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவரது காலத்தில், 2020 ஒலிம்பிக்கின் ஆசியத் தகுதிச்சுற்றில் இந்தியா முதல்முறையாக இரண்டாம் சுற்றுக்கு முன்னேறியது. 2019 ஏப்ரலில் மியான்மரின் மண்டலேயில் போட்டியை நடத்திய அணியோடு 3–3 என்று சமநிலையில் முடித்து, கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. 2020 இல் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்பில் சேர்ந்து, ஐரோப்பாவில் தொழில்முறை ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

2021 நவம்பரில், பிரேசிலின் மனாஸ் நகரில் நடந்த ஆட்டத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஏழு உலகக் கோப்பைகளில் ஆடிய ஃபோர்மிகாவுக்கு அது விடைபெறும் ஆட்டம். அரங்கம் அவருக்காகத் திரண்டிருந்தது. முதல் நிமிடத்திலேயே பிரேசில் கோல் அடித்தது. எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபைச் சேர்ந்த பத்தொன்பது வயது மனிஷா கல்யாண், இடப்பக்கமாகப் பந்தைக் கொண்டு ஓடி அதைச் சமன் செய்தார். ஆட்டம் 6–1 என்று முடிந்தது. மேற்சொன்ன தரவரிசைக் கணக்கை நினைவில் வைத்தால், இந்தத் தோல்வி ஏன் பயனுள்ளது என்பது விளங்கும். அடுத்த ஆண்டே மனிஷா சைப்ரஸ் நாட்டின் அப்போலோன் கிளப்புக்குச் சென்று, ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியர் ஆனார்.

பிரேசிலோடு ஆடியது 2022 ஆசியக் கோப்பைக்கான ஆயத்தம். அந்தக் கோப்பை மும்பையிலும் நவி மும்பையிலும் புனேயிலும் நடந்தது. போட்டியை நடத்தும் நாட்டுக்குத் தகுதிச்சுற்று ஆடாமலே இடம் உண்டு என்பது பொதுவான விதி. இந்தியா அப்படித்தான் உள்ளே வந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த தாமஸ் டென்னர்பி பயிற்சியாளர். ஜனவரி 20 அன்று ஈரானோடு ஆடிய முதல் ஆட்டம் கோல் இன்றி முடிந்தது. மூன்று நாள் கழித்துச் சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவானுடன் ஆட வேண்டும். அதற்குள் கொரோனா அணிக்குள் பரவிவிட்டது. விதிப்படி குறைந்தது 13 பேர் ஆடும் நிலையில் இருக்க வேண்டும். இந்தியாவால் அந்த எண்ணிக்கையைக் காட்ட முடியவில்லை. ஆட்டம் தொடங்க வேண்டிய நேரத்தில் எதிரணி வந்திருந்தது, இந்திய அணி வரவில்லை. போட்டியிலிருந்து இந்தியா விலகியதாகக் கருதப்பட்டது. அதோடு, ஈரானோடு ஆடிய அந்த ஓர் ஆட்டத்தின் முடிவும் ரத்து செய்யப்பட்டது. சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையின் புள்ளிப் பட்டியலில் இந்தியா ஆடியதற்கான அடையாளமே மிஞ்சவில்லை.

அந்த ஆண்டு அதோடு விடவில்லை. ஆகஸ்டில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இந்தியச் சம்மேளனத்தையே சில நாட்கள் இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில், தெற்காசியத் தொடரில் வங்கதேசம் 3–0 என்று வென்று இந்தியாவுக்கு அத்தொடரின் முதல் தோல்வியைத் தந்தது. பட்டத்தையும் வங்கதேசமே எடுத்துக்கொண்டது. 2024 இலும் அதே கதைதான். அண்டை நாடுகளும் தங்கள் பெண்களுக்கு ஆட்டம் ஏற்பாடு செய்து கொடுக்கத் தொடங்கிவிட்டன.

2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிச்சுற்று 2025 ஜூன் இறுதியில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தொடங்கியது. கிறிஸ்பின் சேத்ரி பயிற்சியாளர். ஐந்து அணிகள் கொண்ட பிரிவில் முதலிடம் பெறும் ஓர் அணிக்கு மட்டுமே, கோப்பை நடக்க இருந்த ஆஸ்திரேலியா செல்ல வழி. இந்தியா மங்கோலியாவை 13–0, திமோர்-லெஸ்தேயை 4–0, ஈராக்கை 5–0 என்று வென்றது. ஜெயித்த பிறகும் ஏன் இப்படிக் கோல் மேல் கோல் அடிக்கிறார்கள் என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றலாம். புள்ளிகள் சமமாகி, அந்த அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டமும் சமநிலையில் முடிந்திருந்தால், அடித்த கோலுக்கும் வாங்கிய கோலுக்கும் உள்ள வித்தியாசம் பார்க்கப்படும் என்பதால், மெலிய அணியிடம் அடிக்கும் ஒவ்வொரு கோலும் சேமிப்பு. தாய்லாந்தும் அதே கணக்கில் சேமித்துக்கொண்டே வந்தது. கடைசி ஆட்டத்துக்கு முன் இரண்டு அணிகளுக்கும் ஒன்பது புள்ளிகள். இரண்டுக்கும் கோல் வித்தியாசம் 22.

ஜூலை 5 அன்று அந்தக் கடைசி ஆட்டம், எதிரணியின் ஊரில், பதினொரு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் அடித்த அதே தாய்லாந்தோடு. வங்கத்தின் கல்யாணியைச் சேர்ந்த நடுக்கள வீராங்கனை சங்கீதா பாஸ்ஃபோர் முதல் பாதியில் தொலைவிலிருந்து உதைத்து ஒரு கோல் போட்டார். இடைவேளை முடிந்த சிறிது நேரத்தில் தாய்லாந்து சமன் செய்தது. 74ஆவது நிமிடத்தில் சங்கீதாவே மீண்டும், இம்முறை தலையால், பந்தை வலைக்குள் தள்ளினார். 2–1. தகுதிச்சுற்றை வென்று இந்திய மகளிர் அணி ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல்முறை. 1980களில் தகுதிச்சுற்று என்பதே இல்லை, 2022 இல் தேவைப்படவில்லை.

அந்தக் கோப்பைக்கான குலுக்கலில் இந்தியாவுக்கு ஜப்பானும் வியட்நாமும் வந்தன. பிரிவின் நான்காவது அணி சீன தைபே, அதாவது தைவான்: 1980 இல் கோழிக்கோட்டு இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்ற அணி, 2022 இல் நவி மும்பையில் இந்தியாவுக்காக வந்து காத்திருந்து ஆடாமல் திரும்பிய அணி.